அவையும் மருத்துவர் அறையும்

திருவனந்தபுரத்து ஆய்வுக்கூடங்களில் காலை வேளையில் காணக்கூடிய காட்சி இது. குருதி கொடுக்க வந்தவர் கையை நீட்டியபடி இயல்பாக அமர்ந்திருப்பார். மலமாதிரி கொண்டுவந்தவரோ அதைச் செய்தித்தாளில் சுற்றிக் கறுப்புப் பைக்குள் மறைத்துத் தம் பெயரைக்கூடத் தாழ்ந்த குரலில் சொல்வார். இரண்டும் ஒரே உடலின் சான்றுகள்தாம்.

இக்கூச்சத்திற்கு மொழியும் ஒரு காரணம். தமிழர் ‘வெளிக்குப் போதல்’ என்பர். மலையாளிகள் ‘வெளிக்கிறங்ஙுக’ என்பர். படித்தவர் இரு மொழியிலும் ‘மோஷன்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குள் ஒதுங்குவர். இது இழுக்கன்று. நன்னூல் இடக்கரடக்கலைத் தகுதி வழக்குகளுள் ஒன்றாகவே கொள்கிறது. ஆனால் இத்தகைய சொற்களுக்குத் தொல்காப்பியம் இட்ட பெயர் ‘அவையல் கிளவி’. அவைக்கு ஆகாத சொல் என்பதே அதன் பொருள். எங்குமே ஆகாத சொல் என்பதன்று. மருத்துவரின் அறை அவையன்று.

அங்கும் அடக்கிப் பேசினால் இழப்பு பெரிது. ‘வயிறு சரியில்லை’ என்ற தொடருக்குள் சளியும் குருதியும் கரிய நிறமும் வாரக்கணக்கில் மாறிவிட்ட பழக்கமும் மறைந்துபோகின்றன. குருதியைக் கண்டவர் ‘மூலமாக இருக்கும்’ என்று தாமே தீர்ப்பெழுதிவிடுகிறார்.

வழக்கமான மலப்பரிசோதனை நிறம், தன்மை ஆகியவற்றோடு சீழணுக்கள், புழுமுட்டைகள், அமீபா ஆகியவற்றையும் தேடுகிறது. ஒட்டுண்ணிகள் நாள்தோறும் வெளிப்படா. ஆதலால் சிலரிடம் வெவ்வேறு நாள்களில் மூன்று மாதிரிகள் கேட்கப்படுகின்றன. மாதிரியில் நீரோ சிறுநீரோ கலத்தலாகாது. கண்ணுக்குப் புலப்படாத குருதியைக் காணத் தனிச்சோதனை உண்டு. அதன் பழைய முறையில் உண்ட இறைச்சியும் முடிவைத் திரிக்கக்கூடும். இன்றைய ‘ஃபிட்’ முறை மனிதக் குருதிப் புரதத்தையே தேடுவதால் உணவுக் கட்டுப்பாடு வேண்டுவதில்லை. குருதி இருப்பதாக முடிவு வந்தால் அது புற்றுநோய் என்று பொருளன்று. பெருங்குடல் உள்நோக்கிச் சோதனை தேவை என்பதே பொருள். இல்லை என்று வந்தாலும் அறிகுறிகள் தொடர்ந்தால் வாளாவிருத்தல் கூடாது.

ஜப்பான் 1992 முதல் இச்சோதனையை நாடளாவிய திட்டமாக நடத்திவருகிறது. இந்தியா 2016இல் வகுத்த பரிசோதனைத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்றன் புற்றுநோய்களே இடம்பெற்றன.

அம்மூன்றனுள் வாயைப் பொறுத்தவரை உலகிற்கு வழிகாட்டியது இதே திருவனந்தபுரம். இங்குள்ள மண்டலப் புற்றுநோய் மையத்தின் ஆய்வில், 1996 முதல் பயிற்சி பெற்ற பட்டதாரிகள் வீடுவீடாகச் சென்று மக்களின் வாயைப் பரிசோதித்தனர். புகையிலை, மதுப் பழக்கம் உடையோரிடையே வாய்ப்புற்றுநோய் மரணங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன என்பதை 2005இல் வெளிவந்த முடிவுகள் காட்டின.

வாயைத் திறந்து காட்டுவதற்குச் சொல் தேவைப்படவில்லை. உணவுப்பாதையின் மறுமுனைக்கோ முதலில் சொல் வேண்டும். மாதிரி எடுக்கும் முறையையும், எந்த அறிகுறியை எப்படிச் சொல்வது என்பதையும் தெளிந்த மலையாளத்திலும் தமிழிலும் ஒரே தாளில் எழுதி ஆய்வுக்கூடங்களுக்கு அளிப்பது இந்நகரின் மொழித்துறைகளால் இயலாத பணியன்று. இடக்கரடக்கலை வகுப்பறையில் கற்பிக்கும் துறைகளே, அதை எங்கே கைவிட வேண்டும் என்பதையும் கற்பிக்கக் கடமைப்பட்டவை.