வீட்டுக் கைத்தொழில்: பழைய கணிப்பொறிப் பெட்டி



இத்திங்கள் இப்பகுதியில் மரச்சாமான்களுக்கு மெருகிடுதல் பற்றி எழுதுவதாக எண்ணியிருந்தோம். அதற்குள் வெள்ளறடையிலுள்ள உறவினர் இல்லத்திற்குச் சென்று இரண்டு வாரம் தங்க நேர்ந்தது. அங்கே பழைய கணிப்பொறிப் பெட்டியொன்றை அறுத்துச் சீர்செய்யும் வேலையில் முதன்முதலாகக் கை வைத்தோம். வேலை அரையும் குறையுமாகத்தான் முடிந்தது. எனினும் அவ்வேலையின் நடுவே வெளிப்பட்ட ஒரு செய்தி, வாடகை வீடுகளில் வாழும் நம் குடும்பங்கள் யாவும் அறிய வேண்டுவதாகப் பட்டதால், மெருகினை அடுத்த திங்களுக்கு ஒத்திவைத்து இதனை எழுதுகின்றோம்.

வெள்ளறடையை அறியாத நேயர்க்கு ஒரு சொல். திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கிழக்கு மூலையில், நெய்யாற்றின்கரைக்கும் மலைக்கும் இடையே, ரப்பர்த் தோட்டங்கள் சூழ அமைந்த ஊர் அது. தெக்கன் குருசுமலைக்கு ஏறுவோர் இவ்வூர் வழியே செல்வர். 1956 நவம்பர் முதல் நாள் விளவங்கோடு உள்ளிட்ட நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பனச்சமூட்டுச் சந்தையில் இன்றும் இரு மொழியும் கலந்தே விலை பேசப்படுகின்றது.

நம் உறவினர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைப்பின் பொருட்டு இங்கு வந்தவர்கள். குடும்பத் தலைவர் ஷார்ஜாவில் இருக்கின்றார். தாயும், பதினொன்றாம் வகுப்புப் பயிலும் மகனும், ஆறு வயதுச் சிறுமியும் பழைய ஓட்டு வீடொன்றில் வாடகைக்கு வாழ்கின்றனர். 2011-ஆம் ஆண்டில் தந்தையார் முதன்முறை விடுமுறையில் வந்தபோது வாங்கிய கணிப்பொறி அவ்வீட்டின் மூலையில் இருந்தது. தட்டச்சுப் பலகையும் திரையும் மாறிவிட்டன; பெட்டி மட்டும் அதுவே. அதனை ஆக்கர்க் கடைக்குப் போடலாம் என்றார் தாய். மகன் இசையவில்லை. “மாமா, இதை நானே புதுசு பண்ணுவேன். பக்கத்தில் கண்ணாடி வைத்து, உள்ளே நீல விளக்குப் போட வேண்டும்” என்றான். சுற்றுலாப் பேருந்துகளின் விளக்கலங்காரத்தைக் கண்டு வளர்ந்த பிள்ளை. அப்பேருந்துகளுக்கெல்லாம் வெள்ளை நிறமே பூச வேண்டும் என்று 2022-ல் கேரள அரசு விதித்தது. அலங்கரிக்கும் ஆசை பேருந்தைவிட்டு நீங்கி நம் வீட்டு மூலைக்கு வந்து சேர்ந்தது போலும்.

இப்பெட்டியைக் கடைக்காரர் கேபினட் என்பர். வீடுகளில் இதற்குச் சி.பி.யூ. என்றே பெயர். உண்மையில் அப்பெயருக்கு உரியது உள்ளே தீப்பெட்டியினும் சிறியதாய்க் கிடக்கும் ஒரு சில்லு. ஊர்முழுதும் வழங்கும் பெயரைத் திருத்துவது நம் வேலையன்று. நாமும் கேபினட் என்றே எழுதுவோம்.

பழைய கேபினட்டின்மேல் உழைப்பைச் செலவிடுவது வீண் என்பார் உண்டு. அது முற்றும் சரியன்று. 1995-ல் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்னும் அளவுத் திட்டத்தை வகுத்தது. அதன்படி மதர்போர்டின் அளவு 305-க்கு 244 மில்லிமீட்டர். திருகாணித் துளைகளின் இடமும் அதில் குறிக்கப்பெற்றுள்ளது. முப்பது ஆண்டுகள் சென்றும் அத்திட்டம் வழக்கொழியவில்லை. ஆகவே அன்றைய பெட்டியில் இன்றைய மதர்போர்டினைப் பெரும்பாலும் பொருத்தலாம். பழைய பெட்டியின் குறை வேறிடத்தில் இருக்கின்றது. காற்று புகுந்து வெளியேறுவதற்கு அதில் வழி போதாது. நாம் கண்ட பெட்டியில் பின்புறம் 80 மில்லிமீட்டர் விசிறி ஒன்றே இருந்தது. முன்புறத் தகட்டில் சல்லடைபோல் சில சிறு துளைகள். அவற்றையும் தூசு அடைத்திருந்தது. வேலை மிகும்போது சில்லின் வெப்பம் 90 பாகையைத் தொடுவதைத் திரையிலேயே கண்டோம். ஆதலின் கண்ணாடியும் விளக்கும் பிறகு, முதலில் முன்புறத்தில் 120 மில்லிமீட்டர் விசிறிக்கு ஒரு வாயில் திறப்போம் என்று பையனை ஒருவாறு இசைவித்தோம்.

திருகாணிகளைக் கழற்றி, உள்ளிருந்த அனைத்தையும் எடுத்து ஒரு பழைய வேட்டியின்மேல் வரிசையாக வைத்தோம். இதில் சோம்பல் கூடாது. மதர்போர்டு உள்ளிருக்கும்போதே துளையிட்டால், உதிரும் இரும்புத் தூள் அதன்மேல் படிந்து பின்னொரு நாள் மின்சுற்றைக் குறுக்கே இணைத்துவிடும். மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை முழுதாகவே கழற்றி எடுக்கலாம். அதன் மூடியைத் திறத்தல் மட்டும் ஆகாது. 230 வோல்ட் மாறுமின்னோட்டம் அதனுள் ஏறத்தாழ 325 வோல்ட் நேர்மின்னோட்டமாக மாறிக் கெப்பாசிட்டரில் தேங்குகின்றது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அது சிறிது நேரம் அங்கேயே நிற்கும்.

விசிறியின் நான்கு திருகாணித் துளைகளுக்கும் இடைவெளி 105 மில்லிமீட்டர். தகட்டின்மேல் காகித நாடாவை ஒட்டி, விசிறியை வைத்து, பென்சிலால் வட்டம் வரைந்தோம். வட்டம் அறுக்கும் ரம்பம் நம்மிடம் இல்லை. வட்டத்தின் உட்கரையை ஒட்டிச் சிறு சிறு துளைகளாக டிரில்லிங் மெஷினால் இட்டு, இடைப்பகுதிகளை ஹேக்ஸா பிளேடால் அறுத்து, நடுத்துண்டைத் தட்டி வீழ்த்தினோம். அறுபதுக்கு மேற்பட்ட துளைகள். தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஆயினும் கீழே மரக்கட்டை வைக்காமல் துளைத்தால் அது நடுங்கி வளைந்துவிடுகின்றது. முதற் பத்துத் துளைகளை நாம் அப்படித்தான் இட்டோம். அவ்விடம் இன்றும் சற்றே குழிந்திருக்கின்றது. பின்னர் அரை வட்ட அரம் கொண்டு கரையைத் தேய்க்க ஒரு நாள் முழுதும் சென்றது. அறுத்த தகட்டின் விளிம்பு சவரக் கத்திக்கு நிகர். பையனுடைய பெருவிரலில் ஒரு கீறல். நம்முடைய விரல்களில் மூன்று. அவ்விளிம்புக்கு ரப்பர் பீடிங் இட வேண்டும் என்பது ரத்தம் கண்ட பின்னரே நினைவுக்கு வந்தது.

பிறகு பழைய பூச்சினை உப்புத்தாளால் தேய்த்தோம். மழைக்காற்று படும் ஊராதலின் கீழ் விளிம்பெங்கும் துரு. முதலில் முரட்டுத் தாள், பின்னர் மென்மையான தாள். பெட்டியின் பாதிப் பரப்பு வெள்ளி போல் மின்னத் தொடங்கியபோது நமக்கும் ஒரு பெருமிதம். பிரைமர் அடிப்பதற்கு முன் விசிறி ஓடுகின்றதா என்று பார்த்துவிடலாம் என்றான் பையன். பொறுமை நமக்கும் இல்லை. எல்லாவற்றையும் மீண்டும் பூட்டி, பிளக்கைச் செருகினோம்.

விசிறி ஓடியது, ஆனால் காற்று வெளிநோக்கி வீசியது. பக்கத்தில் அம்புக்குறி இருப்பதைப் பாராமல் திருப்பிப் பூட்டியிருந்தோம். பொதுவாக, பெயர்ச்சீட்டும் தாங்கு கைகளும் உள்ள பக்கமே காற்று வெளிப்படும் பக்கம். அப்பிழையை எண்ணிச் சிரித்துக்கொண்டிருந்தபோது, சிறுமி ஓடிவந்து பெட்டியின்மேல் முழங்கையை ஊன்றினாள். “ஆ” வென்று அலறிக் கையை இழுத்துக்கொண்டாள். வெறுங்கால், சிமெண்டுத் தரை. எறும்பு கடித்தது என்றாள். நாம் புறங்கையால் தொட்டுப் பார்த்தோம். எறும்பன்று.

அன்றிரவு நமக்கு உறக்கம் இல்லை. துளையிடும்போது ஏதோ ஒரு வயரின் தோலைக் கிழித்துவிட்டோம் என்றே எண்ணினோம். ஒவ்வொன்றாய்க் கழற்றிப் பார்த்தும் பழுது தென்படவில்லை. தாயின் முகத்தைப் பார்க்கவும் கூச்சமாயிருந்தது. தந்தை அருகில் இல்லாத வீட்டில் பிள்ளையின் விளையாட்டுக்குத் துணைபோய் இப்படியொரு தீங்கை வரவழைத்தோமே என்று.

மறுநாள் காலை பனச்சமூட்டிலிருந்து உரிமம் பெற்ற வயர்மேன் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் டெஸ்டரைக் கேபினட்டின்மேல் வைத்தார். அதன் சிறு விளக்கு மங்கலாய் எரிந்தது. பெட்டிக்குள் அவர் பார்க்கவே இல்லை. நேரே சுவரிலிருந்த பிளக் துளைக்குச் சென்றார். “மக்களே, பொட்டியில ஒரு கொறையும் இல்ல. வீட்டுல எர்த்து கெடையாது” என்றார்.

அவர் விளக்கியதும், பின்னர் நாம் நூல்களிற் பார்த்து உறுதி செய்துகொண்டதும் இது. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் வாயிலில் மின் இரைச்சலை வடிகட்டுதற்கு இரண்டு சிறு கெப்பாசிட்டர்கள் உள்ளன. ஒன்று பேஸ் கம்பிக்கும் உலோக உடலுக்கும் இடையே. மற்றொன்று நியூட்ரல் கம்பிக்கும் உடலுக்கும் இடையே. எர்த் இணைப்பு இருப்பின் அவற்றின் வழியே கசியும் சிறு மின்னோட்டம் மண்ணுக்குள் சென்றுவிடும். எர்த் இல்லையெனில், இரண்டு கெப்பாசிட்டர்களுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட கேபினட் 230 வோல்ட்டில் பாதியாகிய 115 வோல்ட் அளவில் மிதந்துகொண்டிருக்கும். கசியும் மின்னோட்டம் பெரும்பாலும் ஒரு மில்லியாம்பியருக்கும் குறைவே. ஆதலின் சுருக்கென்று உணர்வதோடு நிற்கின்றது. ஆயினும் எர்த் இல்லாத அதே பெட்டியில் ஒரு நாள் பேஸ் கம்பியே உடலைத் தொட்டால் அச்சுருக்கோடு நில்லாது.

அப்படியாயின் பத்தாண்டுக்கு மேலாக இது ஏன் தெரியவில்லை? கேபினட்டின்மேல் இருந்த பூச்சும் முகப்புப் பிளாஸ்டிக்கும் மறைத்துக் காத்தன. நாம் உப்புத்தாளால் தேய்த்துப் பூச்சை நீக்கினோம், உள்ளது வெளிப்பட்டது. குளிர்பதனப் பெட்டியைத் தொடும்போது சில நாள் விரல் விறுவிறுக்கும் என்று தாயார் அப்போதுதான் சொன்னார். ஈரக் கை என்று அதுவரை நினைத்திருந்தாராம்.

சுவரில் மூன்று துளைப் பிளக் இருந்தது உண்மை. மூன்றாம் துளையின் கம்பியும் மெயின் போர்டு வரை ஒழுங்காகவே சென்றது. அங்கிருந்து வெளிச்சுவர் வழியே மண்ணுக்கு இறங்கும் ஜி.ஐ. கம்பி, செம்பருத்திச் செடியின் மறைவில் துருவேறி இற்றுப் போயிருந்தது. எத்தனை ஆண்டாக என்று யாரே அறிவர்.

வீட்டுக்காரரிடம் சென்று சொன்னோம். நம் மலையாளம் அவ்வளவு சரளமன்று. அவர் தமிழும் அப்படியே. எர்த் என்னும் சொல் இரு மொழிக்கும் பொதுவாயிருந்தது நல்வினைதான். “இத்தனை நாள் ஒன்றும் நேரவில்லையே” என்று முதலில் சற்றே முகம் சுளித்தார். இற்ற கம்பியின் நுனியை நேரில் காட்டியபின், பாதிச் செலவை ஏற்க இசைந்தார். மீதியை நம் உறவினர் ஏற்றனர். குடியிருப்போர் முழுச் செலவையும் ஏற்பது முறையன்று என்பதே நம் கருத்து. எனினும் ஐப்பசி மாத மாலைகளில் இடி முழங்கும் அம்மலையடிவாரத்தில், வழக்காடிக் காலம் கடத்த மனம் வரவில்லை.

வயர்மேன் புதிய குழி தோண்டினார். இந்தியத் தரநிலை 3043, குழாய் வகை எர்த்துக்கு 2.5 மீட்டருக்குக் குறையாத நீளம் கூறுகின்றது. செம்புரைக் கல் தட்டியதால் அவ்வாழம் செல்ல இரண்டு நாளாயிற்று. குழாயைச் சுற்றி அடுப்புக்கரியும் உப்பும் மாறி மாறி இட்டு மூடினார். கோடையில் மண் காய்ந்தால் எர்த்தின் வலிமை குன்றும். வாரம் ஒரு குடம் நீர் அங்கே ஊற்ற வேண்டும் என்றார். சிறுமி அவ்வேலையைத் தனதாக்கிக்கொண்டாள். மெயின் போர்டில் 30 மில்லியாம்பியரில் துண்டிக்கும் இ.எல்.சி.பி. ஒன்றும் இட்டோம்.

அவரிடம் கேட்டறிந்த இரண்டு எச்சரிக்கைகளை மட்டும் எழுதிவிடுகின்றோம். எர்த் இல்லாத வீடுகளில், பிளக் துளைக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிடுவோர் உண்டு. சுருக்கும் நின்றுவிடும். பின்னொரு நாள் நியூட்ரல் கம்பி எங்கேனும் அறுந்தால், கேபினட்டின் உடலில் 230 வோல்ட்டும் முழுதாய் வந்து நிற்கும். மற்றொன்று, பேஸ் துளைக்கும் எர்த் துளைக்கும் இடையே குண்டு பல்பை மாட்டி எர்த்தைச் சோதிக்கும் வழக்கம். எர்த் அறுந்திருக்கும் வீட்டில் அவ்வாறு செய்தால், அவ்வல்பின் வழியே மின்சாரம் எர்த் கம்பியில் ஏறி, குளிர்பதனப் பெட்டி, கிரைண்டர் முதலிய அனைத்தின் உடலுக்கும் பாயும். அச்சோதனையை வயர்மேனுக்கே விட்டுவிடுக.

கேபினட்டுக்கு வருவோம். விசிறியைத் திருப்பிப் பூட்டினோம். பிரைமரும் அதன்மேல் இரண்டு கை கரும்பச்சைப் பூச்சும் அடித்தோம். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் திருகாணி அமரும் இடங்களில் மட்டும் நாடா ஒட்டிப் பூச்சுப் படாமல் காத்தோம். உலோகத்தோடு உலோகம் தொட்டால்தான் எர்த் கேபினட் முழுதும் பரவும். மழையீரத்தில் உலர மூன்று நாளாயிற்று. ஒருபுறம் ஆரஞ்சுத் தோல் போல் சொரசொரத்துவிட்டது. வெப்பம் இப்போது 74 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. அதில் விசிறியின் பங்கு எவ்வளவு, தூசு நீக்கியதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல நம்மால் இயலாது. 2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு நின்றுவிட்டமையால், கேரளப் பள்ளிகளில் வழங்கும் கைட் குனு லினக்ஸை அதில் ஏற்றிப் பையன் பாடம் படிக்கின்றான்.

தந்தையார்க்குப் படம் எடுத்து அனுப்பினான். குழிந்த இடத்தை அவர் உடனே கண்டுபிடித்துக் கேட்டாராம். பக்கவாட்டுக் கண்ணாடிக்கு அளவெடுத்து வைத்திருக்கின்றான். நீல விளக்கும் வாங்கியாயிற்று. அரைப் பரீட்சை முடியும் வரை அதைத் தாயார் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கின்றார்.