பாலப் பணியில் உயரத்திலிருந்து விழும் தொழிலாளர்களைக் காக்கக் கோரும் மனு

அனுப்புநர்: பாலக் கட்டுமானத் தொழிலாளர் சங்க நிர்வாகிகள்.

பெறுநர்: உயர்திரு இயக்குநர் அவர்கள், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம், சென்னை.

பொருள்: மேம்பாலப் பணிகளில் தவறி விழும் தொழிலாளர்களின் பாதுகாப்பு, சிகிச்சை, இழப்பீடு – கோரிக்கை – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

2021 ஆகஸ்டில் மதுரை நத்தம் சாலை மேம்பாலப் பணியில் கர்டர் விழுந்து தொழிலாளர் ஒருவர் இறந்தபோது விசாரணை நடந்தது. ஆனால், சாரத்திலிருந்து ஒருவர் விழுந்து முதுகெலும்பு முறிந்தால் அது பெரும்பாலும் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. கைச்செலவுக்குப் பணம் கொடுத்து ஊருக்கு ரயிலேற்றி விடுகிறார்கள். பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவருக்கு விழுந்ததற்கான சான்றே மிஞ்சுவதில்லை. பதிவாகாத விபத்துக்கு இழப்பீடும் இல்லை. அதே இடத்தில் அடுத்தவர் விழுவதைத் தடுக்கும் ஏற்பாடும் இல்லை.

கவனக்குறைவு என்று தொழிலாளி மீதே பழி போடுகிறார்கள். உண்மையில் அவர் பெல்ட் போட்டிருக்கிறார். ஆனால் கொக்கி மாட்டக் கம்பிக்கயிறு இல்லை. கயிறு இருந்தாலும் ஒற்றைக் கொக்கிதான். அடுத்த கர்டருக்குக் கால் வைக்க அதைக் கழற்றியாக வேண்டும். அந்த நொடியில் அவரைத் தாங்க எதுவுமில்லை.

1996-ஆம் ஆண்டுக் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் முதல் 2020-ஆம் ஆண்டுப் பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வரை, பாதுகாப்புப் பொறுப்பு வேலையளிப்பவருடையதே. எனவே எங்கள் கோரிக்கைகள்:

1. உயிரிழப்பு இல்லாவிட்டாலும், உயரத்திலிருந்து விழும் ஒவ்வொரு விபத்தையும் 24 மணி நேரத்துக்குள் பதிவு செய்து, காயமடைந்தவருக்கு அவர் படிக்கும் மொழியில் நகல் தர வேண்டும்.

2. ஐ.எஸ். 3521 தரத்தில் முழு உடல் பெல்ட், இரட்டைக் கொக்கி, கம்பிக்கயிறு, ஓரத் தடுப்பு, வலை ஆகியவை இல்லாத இடத்தில் பணியை நிறுத்த வேண்டும்.

3. குறைந்த விலைப் போட்டியில் பாதுகாப்பு அடிபடாதிருக்க, அதற்கான செலவை ஒப்பந்தப்புள்ளியில் தனி இனமாக ஒதுக்க வேண்டும்.

4. பாதுகாப்பு அலுவலரை நியமிக்காமல் தப்பிக்க, உள் ஒப்பந்தங்களாகப் பிரித்து ஆள் கணக்கைக் குறைத்துக் காட்டுவதைத் தடுத்து, ஒவ்வொரு பாலப் பணிக்கும் அந்த அலுவலரை நியமிக்க வேண்டும்.

5. விழுந்து பெல்ட்டில் தொங்குபவரைச் சில நிமிடங்களில் இறக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. பயிற்சி பெற்ற மீட்புக் குழுவும் ஸ்ட்ரெச்சரும் பணியிடத்திலேயே இருக்க வேண்டும்.

6. சாலை விபத்துக்கு ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தருவதுபோல, பணியிட விபத்துக்கும் தர அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டும்.

7. வேலையில் சேரும் நாளிலேயே கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியப் பதிவு நடக்க வேண்டும். உடல் ஊனமுற்றால் முதன்மை ஒப்பந்ததாரரே இழப்பீட்டுக்குப் பொறுப்பேற்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், நடந்துவரும் பாலப் பணிகள் அனைத்திலும் சங்கப் பிரதிநிதிகளையும் சேர்த்துக் கூட்டாய்வு நடத்தி, எடுத்த நடவடிக்கையை எழுத்துமூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், பொருளாளர்

நகல்: தலைமைப் பொறியாளர், நெடுஞ்சாலைத் துறை; செயலாளர், தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியம்.