எள்ளுக்கு ஏன் இந்த விலக்கு?

‘எண்ணெய்’ என்ற சொல்லை ‘எள் + நெய்’ என்று பிரித்து எழுதாத தமிழ் மாணவர் யாரும் இருக்க முடியாது. கடலையிலிருந்தும் தேங்காயிலிருந்தும் எடுப்பதற்கும் அதே பெயரையே தந்த தமிழர், எள்ளின் நெய்யை மட்டும் ‘நல்லெண்ணெய்’ என்று தனியே சிறப்பித்தனர். அத்தகைய எள் இன்று நம் வீட்டில் எங்கே இருக்கிறது? எள்ளுருண்டை உண்டு, இட்லிப் பொடியில் உண்டு, புரட்டாசிச் சனிக்கிழமைக்கு எள்ளுச் சாதம் உண்டு. மற்ற நாளெல்லாம் அது திதிக்குரிய பொருளாகவே டப்பாவில் உறங்குகிறது. அன்றாடக் கறியில் அதற்கு இடமில்லை. இது சரிதானா?

இக்கேள்வியை என்னுள் எழுப்பியது ஒரு ஜப்பானியக் கீரைக் கறி. மேடவாக்கத்தில் எங்கள் தெருவில் குடியிருக்கும் அக்கா ஒருவர், பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் அடுக்ககத்தில் ஜப்பானியக் குடும்பம் ஒன்றுக்குச் சமையல் வேலை செய்தவர். அவர் அங்கே கற்று வந்ததை எனக்குச் சொல்லிக் கொடுத்தார். அம்மா இரவு ஏழரைக்குத்தான் வேலை முடிந்து வருவார். ஆகவே ஓராண்டாக எங்கள் வீட்டு இரவுச் சமையல் என் கையில். ஆண்பிள்ளை அடுப்படியில் நிற்பதா என்று கேட்கும் நண்பர்களுக்கு என் விடை ஒன்றே: பசி ஆண் பெண் பார்த்து வருவதில்லை.

அக்கறியின் பெயர் ‘கோமா அயே’. ‘கோமா’ என்றால் எள். ‘அயே’ என்றால் கலந்து பிசறியது. மேடவாக்கம் கூட்டுரோட்டில் ஒரு கட்டுப் பாலக்கீரை வாங்கிக்கொள்ளுங்கள். மண் போக அலசி, கொதிக்கும் நீரில் முதலில் தண்டும் பிறகு இலையுமாக அமிழ்த்தி, ஒரு நிமிடத்தில் எடுத்துக் குளிர்ந்த நீரில் போடுங்கள். பச்சை நிறம் மங்காது. கையால் நன்றாகப் பிழிந்து, இரண்டு விரற்கடை நீளத்துக்கு நறுக்குங்கள். மூன்று மேசைக்கரண்டி வெள்ளை எள்ளை வெறும் வாணலியில் வறுத்து, படபடவென்று வெடித்து மணம் வந்ததும் இறக்கி, பாதி பொடியும் பாதி முழுதுமாக இடித்துக்கொள்ளுங்கள். இரண்டு தேக்கரண்டி சர்க்கரை, ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸ் சேர்த்துக் கீரையுடன் பிசறினால் கறி தயார். சோயா சாஸ் இல்லாவிடில் உப்பும் சிறிது வெல்லமும் போதும். சுவை சற்று மாறும், கெடாது. உண்ணும் நேரத்தில் கலப்பது முக்கியம். முன்னதாகக் கலந்தால் நீர் விட்டுவிடும்.

கீரை வெந்த நீரைக் கொட்டுவது வீண் அல்லவா என்று கேட்கலாம். பாலக்கீரையில் ஆக்சாலிக் அமிலம் மிகுதி. அது சுண்ணாம்புச் சத்தைப் பிணைத்து, உடலில் சேரவிடாமல் தடுக்கும். நீரில் கரையும் அதன் ஒரு பகுதி அந்த நீரோடு வெளியேறுகிறது. சில வைட்டமின்களும் உடன் போகும். அதனால்தான் ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம் என்கிறோம்.

“நம்மிடம் ஆயிரம் கறி இருக்க, ஜப்பானியக் கறி எதற்கு?” என்போரும் உளர். மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் கடல் கடந்து வந்தவை. அவற்றை நீக்கினால் நம் இலையில் எஞ்சுவது எவ்வளவு? எள்ளோ நம்முடையது. ஹரப்பா அகழாய்வில் கரிந்த எள் கிடைத்திருக்கிறது. இந்தியத் துணைக்கண்டத்தில்தான் அது முதலில் பயிரானது என்பது அறிஞர் பலரின் முடிவு. ஜப்பானியரோ தமக்கு வேண்டிய எள்ளை ஏறக்குறைய முழுவதும் வெளிநாட்டிலிருந்தே வாங்குகின்றனர். விலை கொடுத்து வாங்குவோர் அன்றாடம் உண்கின்றனர். விளைவிக்கும் நாம் விலக்கி வைக்கிறோம்! அவர்களுடைய மரபுவழி உணவுமுறையாகிய ‘வாஷோகு’வை 2013ஆம் ஆண்டு யுனெஸ்கோ மனித குலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகப் பட்டியலிட்டது. இத்தகைய எளிய கறிகளும் அம்முறையைச் சேர்ந்தவையே.

முதன்முதலாக நான் எள் வறுத்த அன்று, மணம் கூடத்துக்குப் போனதும் பாட்டி எழுந்து வந்தார். “வெள்ளிக்கிழமையும் அதுவுமா எள்ளைத் தொடறியேடா! போன வருஷம் உங்கப்பனுக்கு எள்ளும் தண்ணியும் இறைச்சது போதாதா?” என்றார். என்னால் விடை சொல்ல முடியவில்லை. அப்பாவுக்கு எள்ளுருண்டை என்றால் உயிர் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். அம்மா வந்து, பேசாமல் ஒரு கிண்ணத்தில் கறியை எடுத்துப் பாட்டியின் தட்டில் வைத்தார். பாட்டி உண்டார். “ரெண்டு மிளகாய் கிள்ளித் தாளிச்சிருந்தா இன்னும் நல்லாயிருக்கும்” என்றார். அடுத்த வாரம் எள் டப்பாவை என்னிடம் எடுத்துத் தந்தவரும் அவரே.

நண்பர்களே, பிறர் சமையலைக் கற்பது நம் சமையலை மறப்பதற்கு அன்று. நம் வீட்டில் மறந்து கிடப்பதை மீண்டும் எடுப்பதற்கே. மறைந்தோர்க்கு எள் இறைப்பது நம் நன்றி. அதே எள்ளை இருப்போர் இலையிலும் இடுவது நம் கடமை அன்றோ?