மூன்றெழுத்து சமாச்சாரம்

புனேவை அடுத்த போசரியில் சிறு பட்டறை நடத்தும் என் பள்ளித் தோழர் ஒருநாள் ஃபைலும் கையுமாக வீட்டுக்கு வந்தார். "நீதான் மொழிபெயர்ப்பாளன் ஆயிற்றே. இதைத் தமிழில் சொல், பார்ப்போம்" என்று ஒரு தாளை நீட்டினார். தைவானிலிருந்து அவர் வரவழைத்த சி.என்.சி. லேத் இயந்திரத்தின் இன்ஷூரன்ஸ் பாலிசி அது.

நடந்தது இதுதான். நவஷேவா துறைமுகத்தில் இறங்கி, பட்டறைக்கு வந்து சேர்ந்த கன்டெய்னரைத் திறந்தால், உள்ளே மரப்பெட்டி நனைந்திருந்தது. கூரைத் தகட்டில் சின்ன ஓட்டை. சர்வேயர் வந்தார். ஈரத்தின் மீது சில்வர் நைட்ரேட்டைச் சொட்டு விட்டுப் பார்த்தார். பால் போல் வெளுத்தது. உப்பு நீர். அதாவது, வழியில் கடல் உள்ளே புகுந்திருக்கிறது. ஸ்பிண்டிலும் பெட்டும் துரு ஏறிக் கிடந்தன. நஷ்ட ஈடு கேட்டு எழுதினார். இந்தப் பாலிசியில் அதற்கு இடமில்லை என்று பதில் வந்தது.

"சி.ஐ.எஃப். நவஷேவா என்றுதானே வாங்கினேன்? நவஷேவா வரைக்கும் விற்றவன்தானே பொறுப்பு? அதில் இருக்கிற 'ஐ' இன்ஷூரன்ஸ்தானே?" என்றார் நண்பர். கேள்விகள் நியாயமானவை. பதில்கள்தான் அவருக்குச் சாதகமாக இல்லை.

இந்த மூன்றெழுத்துகளுக்கு இன்கோடெர்ம்ஸ் என்று பெயர். ஒரே வியாபாரச் சொல்லுக்கு நாட்டுக்கு நாடு வேறு வேறு அர்த்தம் இருந்ததால், பாரிஸில் உள்ள சர்வதேச வர்த்தக சபை 1936-ல் ஒரு பொது அகராதியை வெளியிட்டது. அதற்குப் பிறகு பல பதிப்புகள். 2020 பதிப்பில் 11 சொற்கள் உள்ளன. ஆனால் இயந்திரம் வாங்கப் போகிற நம் சிறுதொழிலதிபர் இந்த அகராதியை விலைப்பட்டியலாகத்தான் படிக்கிறார். எஃப்.ஓ.பி. விலை இவ்வளவு, சி.ஐ.எஃப். விலை இவ்வளவு, எது லாபம் என்று கணக்குப் போடுகிறார். மூன்றெழுத்து சொல்லும் முக்கியமான விஷயம் வேறு. சரக்குக்கு ஏதாவது ஆனால், எந்த இடம் வரை விற்றவர் தலையில் விழும், எந்த இடத்திலிருந்து வாங்கியவர் தலையில் விழும் என்பதுதான் அது.

மூன்றெழுத்தை அடுத்து ஓர் ஊர்ப் பெயர் வரும். சூட்சுமம் அங்கேதான். 'எஃப்.ஓ.பி. கீலுங்' என்றால், தைவானின் கீலுங் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றும் வரை விற்பவர் பாடு. ஏற்றிய பின் வாங்குபவர் பாடு. செலவும் இடரும் ஒரே இடத்தில் கை மாறுகின்றன. 'சி.ஐ.எஃப். நவஷேவா' அப்படியல்ல. அதில் எழுதியிருக்கும் ஊர், விற்பவர் எதுவரை கப்பல் கூலி கட்டுகிறார் என்பதை மட்டுமே சொல்கிறது. இடரோ, எஃப்.ஓ.பி.யில் போலவே, அந்தக் கரையில் கப்பலில் ஏற்றிய கணமே வாங்குபவருக்கு வந்துவிடுகிறது. கூலி கட்டுபவர் ஒருவர், கவலைப்பட வேண்டியவர் இன்னொருவர். வழியில் கப்பல் மூழ்கினாலும், ஆவணங்கள் ஒழுங்காக இருந்தால் வாங்குபவர் பணத்தைக் கட்டியே தீர வேண்டும்.

மூழ்குவதெல்லாம் கதையில்தான் நடக்கும் என்று நினைக்க வேண்டாம். 2025 மே 25 அன்று எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் 640 கன்டெய்னர்களுடன் கொச்சிக்கு அப்பால் மூழ்கியது. 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் சிக்கிக்கொண்டபோது, மீட்புச் செலவில் சரக்குக்காரர்களும் பங்கு தர வேண்டும் என்று கப்பல் உரிமையாளர் அறிவித்தார். இன்ஷூரன்ஸ் எடுத்தவருக்கு அதன் நிறுவனம் உத்தரவாதம் தரும். எடுக்காதவர் கையிலிருந்துதான் பணம் கட்ட வேண்டும். எஃப்.ஓ.பி.யில் வாங்குகிறவருக்காக வேறு யாரும் இன்ஷூரன்ஸ் எடுக்க மாட்டார்கள் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

இனி அந்த 'ஐ'. சி.ஐ.எஃப்.பில் விற்பவர் எடுத்துத் தர வேண்டியது குறைந்தபட்ச இன்ஷூரன்ஸ் மட்டுமே. சரக்குக் காப்பீட்டு விதிகளில் அதற்கு 'சி' பிரிவு என்று பெயர். தீ, கப்பல் மூழ்குவது, தரை தட்டுவது, மோதல் போன்ற பெரிய விபத்துகள் அதில் அடங்கும். கன்டெய்னருக்குள் கடல்நீர் புகுவதும் திருட்டும் அடங்காது. 2020 பதிப்பில் சி.ஐ.பி. என்ற சொல்லுக்கு மட்டும் 'ஏ' பிரிவு கட்டாயமானது. தாமதம், மோசமான பேக்கிங் போன்ற சில நீங்கலாக மற்ற எல்லா சேதமும் அதில் அடங்கும். சி.ஐ.எஃப். பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. ஆக, தைவான்காரர் ஏமாற்றவில்லை. ஒப்புக்கொண்டதை அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறார். 'எஃப்' இருந்த இடத்தில் 'பி' இருந்திருந்தால் என் நண்பரின் கதை வேறு.

அப்படியானால் எதைத்தான் தேர்ந்தெடுப்பது? தொழிற்சாலை வாசலிலேயே வாங்கிக்கொள்ளும் இ.எக்ஸ்.டபிள்யூ. விலை மலிவாகத் தெரியும். ஆனால் லாரியில் ஏற்றுவதிலிருந்து அந்த நாட்டு ஏற்றுமதி அனுமதி வரை உங்கள் வேலை. மறுகோடியில் டி.டி.பி. எல்லாமே விற்பவர் பொறுப்பு, நம் நாட்டு சுங்க வரி உட்பட. கேட்க சுகமாக இருக்கும். ஆனால் இறக்குமதியின்போது கட்டும் ஐ.ஜி.எஸ்.டி.யை வரவு வைத்துக்கொள்ள பில் ஆஃப் என்ட்ரி உங்கள் பெயரில் இருக்க வேண்டுமே! எஃப்.ஓ.பி. கப்பலில் நேரடியாக ஏற்றும் சரக்குக்குப் பொருத்தம். கன்டெய்னரோ, கப்பல் வருவதற்குச் சில நாட்கள் முன்பே துறைமுக முனையத்தில் ஒப்படைக்கப்படுகிறது. அதற்கு எஃப்.சி.ஏ.தான் சரி. கப்பல் கம்பெனியிடமோ உங்கள் ஏஜெண்டிடமோ குறிப்பிட்ட இடத்தில் ஒப்படைத்ததும் இடர் கை மாறும். கப்பலும் இன்ஷூரன்ஸும் உங்கள் தேர்வு.

சி.ஐ.எஃப். தவிர்த்தால் சுங்க வரி குறையும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. குறையாது. எந்தச் சொல்லில் வாங்கினாலும் கூலியையும் இன்ஷூரன்ஸையும் சேர்த்த மதிப்பின் மீதுதான் வரி. கடல் வழி சரக்குக்குக் கூலி எவ்வளவு என்று காட்ட முடியாவிட்டால் எஃப்.ஓ.பி. மதிப்பில் 20 சதவீதம், இன்ஷூரன்ஸைக் காட்ட முடியாவிட்டால் 1.125 சதவீதம் சேர்க்கச் சொல்கின்றன 2007-ம் ஆண்டு விதிகள். ரசீதுகளைப் பத்திரப்படுத்துவது லாபம்.

முதல் முறை வாங்குபவர், நம்பகமான ஏஜெண்ட் இல்லாதவர், சி.ஐ.பி. கேட்கலாம். சி.ஐ.எஃப்.தான் என்று விற்பவர் அடம்பிடித்தால், "இன்ஷூரன்ஸ் 'ஏ' பிரிவில்" என்று ஆர்டரில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். கூடுதல் பிரீமியம் ஆகும். துருப்பிடித்த இயந்திரத்தை விட மலிவுதான். எந்தச் சொல்லானாலும் இடத்தின் முழுப் பெயரையும் 'இன்கோடெர்ம்ஸ் 2020' என்பதையும் விடாமல் எழுத வேண்டும்.

நண்பர் விடவில்லை. "அதெல்லாம் சரி, 'சி.ஐ.எஃப். நவஷேவா'வைத் தமிழில் எப்படிச் சொல்வாய்?" என்று கேட்டார். அகராதியில் இல்லாத ஒரு மொழிபெயர்ப்பைச் சொன்னேன்: "நவஷேவா வரை கூலி என்னுடையது, கீலுங்கிலிருந்து கவலை உன்னுடையது."

ஃபைலின் மேலட்டையில் அதைப் பேனாவால் எழுதிக்கொண்டார்.