ரெண்டு பூத் ஒண்ணானா லாபம் யாருக்கு?

"பூத்களைச் சேர்த்துட்டா செலவு மிச்சம்." கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா கணக்கு இடிக்குதே!

2021 சட்டமன்றத் தேர்தலில் கொரோனாவுக்காக ஒரு வாக்குச்சாவடிக்கு 1000 வாக்காளர் என்று வரம்பு வைத்தார்கள். தமிழ்நாட்டில் 88,937 சாவடிகள். கொரோனா போனது, வரம்பு மறுபடி 1500 ஆனது. 2024 மக்களவைத் தேர்தலில் சாவடிகள் சுமார் 68 ஆயிரம். வாக்காளர்களோ இரண்டு முறையும் 6 கோடிக்கு மேல். 20 ஆயிரம் சாவடிகள் அம்பேல்!

"அதே பள்ளிக்கூடம்தானே, பக்கத்து ரூம்தானே" என்பார்கள். சரி, பல இடங்களில் தூரம் கூடவில்லை. வரிசை கூடியதே?

நீங்களே கால்குலேட்டரைத் தட்டிப் பாருங்கள். காலை 7 முதல் மாலை 6 வரை 39,600 வினாடி. 1500 பேரும் வந்தால் ஆளுக்கு 26 வினாடி. 1000 பேர் என்றால் கிட்டத்தட்ட 40. பெயர் பார்க்க, மை வைக்க தனித்தனி ஆள் இருந்தாலும் எந்திரம் ஒன்றுதான். விவிபேட் சீட்டு தெரிவதற்கே 7 வினாடி. 2024ல் தென்சென்னையில் 41 வேட்பாளர்கள். வயதானவர் சின்னத்தைத் தேடிப் பிடிக்க வேண்டாமா? 'எல்லாரும் ஓட்டுப் போடுங்க' என்று விளம்பரம் செய்கிற ஆணையம், எல்லாரும் வந்தால் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டாமா?

குன்றத்தூர் மலையடிவாரத்தில் பூ விற்கிற அம்மாவுக்குச் சம்பளத்தோடு லீவு கொடுக்க எந்த முதலாளி இருக்கிறார்? வரிசையில் நிற்கிற ஒவ்வொரு மணி நேரமும் அவர் கைக்காசு. அரசாங்கம் மிச்சம் பிடித்த செலவு மறையவில்லை ஐயா, வாக்காளர் தலைக்கு மாறிவிட்டது. காமர்ஸ் படிக்கிற எவரும் இதை லாபம் என்று எழுத மாட்டார்கள்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். அரிசோனாவின் மாரிகோபா கவுண்டியில் 2012ல் 200 ஆக இருந்த வாக்களிப்பு மையங்களை 2016ல் 60 ஆகக் குறைத்தார்கள். மக்கள் 5 மணி நேரம் வரை நின்றார்கள்.

2025ல் தீவிர திருத்தத்தின்போது நம்ம ஆணையமே வரம்பை 1200 ஆக்கியது. 1500 அதிகம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? ஆனால் இன்று இறக்கியதை நாளை ஏற்றவும் முடியும். 1000 என்பதைச் சட்டத்திலேயே எழுதுங்கள். பூத்தைச் சேர்ப்பதற்கு முன்னால் கட்சிகளை மட்டும் கேட்காமல், அந்தத் தெருக்காரர்களையும் கேளுங்கள்.

ஓட்டு இலவசம் என்கிறார்கள். வரிசையில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும் அதன் விலை!