உறக்கத்தைக் கொடுத்து உடம்பைக் குறைக்க முடியாது

சர்க்கரை நோய் வரும் நிலையில் இருந்த 531 பேரை டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையிலான சென்னைக் குழு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, முடிவுகளை 2006இல் வெளியிட்டது. அவர்களில் பெரும்பாலோர் நாற்பதைக் கடந்த, வேலைக்குச் செல்லும் நடுத்தர வர்க்கத்தினர். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதத்தினருக்கு இந்த மூன்று ஆண்டுகளில் சர்க்கரை நோய் வந்துவிட்டது. தினமும் அரை மணி நேரம் வேகமாக நடந்து, மாவுச்சத்தையும் கொழுப்பையும் குறைத்து, சர்க்கரையைத் தவிர்க்கும்படி தொடர்ந்து வழிகாட்டப்பட்டவர்களில் அது 39 சதவீதமாக நின்றது. இந்த ஆய்வைப் பற்றிப் பேசுபவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்கிறார்கள். நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி இதற்கு அடுத்து வருகிறது. அப்படிப் பலன் அடைந்தவர்களின் உடல் எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை.

அமெரிக்காவில் 2002இல் வெளியான இதே போன்ற பெரிய ஆய்வில் சராசரியாக ஐந்தரை கிலோ குறைந்தவர்களுக்குச் சர்க்கரை நோய் 58 சதவீதம் குறைந்தது. எடை குறைந்தால் நல்லதுதான், அதில் ஐயமில்லை. ஆனால் சென்னையில் எடை அப்படியே இருக்க, நோய் மட்டும் தள்ளிப்போயிருக்கிறது. அப்படியானால் அந்த உடம்புகளுக்குள் எடைக் கருவிக்குத் தெரியாத ஏதோ ஒன்று மாறியிருக்க வேண்டும். நம் ஊரில் உடம்பைக் குறைக்கக் கிளம்பும் ஒவ்வொருவரும் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது அதைத்தான்.

புணேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கினும் 2004இல் ‘லான்செட்’ இதழில் தங்கள் படத்தையே ஒன்றாக வெளியிட்டார்கள். இருவருக்கும் உடல் நிறை குறியீட்டெண் 22.3. உயரத்துக்கேற்ற எடை என்று பார்த்தால் இருவரும் ஒன்றே. ஆனால் யுட்கினின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடம்பில் 21.2 சதவீதம். தெற்காசிய உடம்பின் கதை முழுவதும் இந்த இரு எண்களில் இருக்கிறது. கை கால் ஒல்லி, தசை குறைவு, வயிற்றுக்குள் ஈரலையும் குடலையும் சுற்றிக் கொழுப்பு. புணே கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டபோதும் இதுவே தெரிந்தது. எடை வெகு குறைவு, ஆனால் தோலடிக் கொழுப்பில் அவ்வளவு குறைவு இல்லை. “நான் ஒல்லியாத்தானே இருக்கேன், எனக்கு எப்படி சுகர் வந்தது?” என்று மருத்துவரிடம் கேட்பவர்களுக்கான விடை இது.

இதனால்தான் இந்தியர்களுக்கு உடல் நிறை குறியீட்டெண் 23ஐத் தாண்டினாலே அதிக எடை, 25ஐத் தாண்டினால் பருமன் என்று மருத்துவர்கள் வரம்பைத் தாழ்த்தி வைத்திருக்கிறார்கள். அதைவிட நம்பகமானது இடுப்புச் சுற்றளவு. ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்ட பிறகு, டேப்பை இறுக்காமல் வைத்து அளக்க வேண்டும். பேன்ட் அளவை வைத்துக் கணக்கிட்டால் ஏமாந்துபோவோம். நம் ஆண்களின் பேன்ட் தொப்பைக்குக் கீழேதான் நிற்கிறது. 2023இல் வெளியான ஐசிஎம்ஆர்–இண்டியாப் ஆய்வின்படி நாட்டில் உடல் பருமன் உள்ளவர்கள் 28.6 சதவீதம். வயிற்றுப் பருமன் உள்ளவர்களோ 39.5 சதவீதம். இரண்டுக்கும் இடையிலுள்ள பத்துச் சதவீதத்துக்கு மேற்பட்டோரில் பலர் கண்ணாடியில் பார்த்து, நாம் நன்றாகத்தான் இருக்கிறோம் என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள்.

இப்படிப்பட்ட உடம்புள்ள ஒருவர் திடீரென்று ஒரு நாள் உணவைப் பாதியாக்குகிறார். காலையில் நாலரை மணிக்கு அலாரம் வைத்து நடக்கப் போகிறார். இரவு படுக்கும் நேரம் மட்டும் மாறுவதில்லை. பன்னிரண்டு மணிக்குத்தான் கைபேசியைக் கீழே வைக்கிறார். ஒரு மாதத்தில் மூன்று கிலோ குறைந்துவிட்டது என்று மகிழ்கிறார். அந்த மூன்று கிலோவில் எது குறைந்தது?

சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆர்லெட் நெடெல்ச்சேவாவும் குழுவினரும் கேட்டது இந்தக் கேள்வியைத்தான். அவர்களுடைய ஆய்வு 2010இல் வெளியானது. அதிக எடையுள்ள பத்துப் பேரை ஆய்வகத்திலேயே தங்கவைத்து, அளவு குறைந்த ஒரே உணவைக் கொடுத்தார்கள். இரண்டு வாரம் இரவில் எட்டரை மணி நேரம் படுக்க விட்டார்கள், வேறு இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரம் மட்டும். இரண்டு முறையும் குறைந்த எடை ஏறக்குறைய ஒன்றுதான், மூன்று கிலோ அளவில். நன்றாகத் தூங்கிய வாரங்களில் அதில் 1.4 கிலோ கொழுப்பு. தூக்கம் குறைந்த வாரங்களில் கொழுப்பு 0.6 கிலோ மட்டுமே கரைந்தது, மீதி 2.4 கிலோ தசை உள்ளிட்ட கொழுப்பில்லாத எடை. பசியும் அந்த வாரங்களில் கூடியது. பத்துப் பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான். ஆனால் உண்ணும் ஒவ்வொரு கவளத்தையும் அளந்து, அதே ஆட்களையே இரு நிலைகளிலும் வைத்துச் செய்தது என்பதால் அதை லேசில் தள்ளிவிட முடியாது.

இப்போது புணே மருத்துவரின் உடம்பையும் சிகாகோவின் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். ஏற்கெனவே தசை குறைவாக உள்ள உடம்பு தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பட்டினி கிடந்தால், இருக்கிற தசையையும் இழக்கும். எடைக் கருவி பாராட்டும், உடம்போ முன்னைவிட மோசமாகும். நாம் சாப்பிட்டதும் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை இழுத்துக்கொள்வது தசைதான். தசை குறையக் குறைய ஒரு தட்டுப் பொங்கலைச் சமாளிக்கும் திறன் குறைகிறது. பழைய உணவுக்குத் திரும்பியதும் எடை திரும்பும், பெரும்பாலும் கொழுப்பாகத் திரும்பும். ஆண்டுக்கு ஒரு முறை டயட், ஆண்டுக்கு ஒரு முறை தோல்வி என்று சுற்றுபவர்களுக்கு மன உறுதி இல்லை என்று நாம் சொல்லிவிடுகிறோம். அது அநியாயம். அவர்களுக்குத் தவறான இலக்கைக் கொடுத்தவர்கள் நாம்.

தூக்கம் பசியைக் கட்டுப்படுத்துகிறது என்பதும் இப்போது தெளிவாகிவிட்டது. ஆறரை மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கி வந்த, அதிக எடையுள்ள 80 பேரை வைத்து எஸ்ரா தசாலியின் குழு 2022இல் வெளியிட்ட ஆய்வில், டயட் எதுவும் சொல்லாமல் படுக்கும் பழக்கத்தை மட்டும் திருத்தினார்கள். தூக்கம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் கூடியது. தாங்களாகவே அவர்கள் உண்பது நாளுக்குச் சுமார் 270 கலோரி குறைந்தது. எழுபது கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரம் நடந்தால் செலவாவதும் ஏறக்குறைய இவ்வளவுதான். நடை முடிந்து வரும் வழியில் இரண்டு மெதுவடையும் ஒரு டீயும் அதைத் திருப்பிக் கொடுத்துவிடும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

சத்தமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறி எழுபவரை ‘நல்லா அடிச்சுப்போட்ட மாதிரி தூங்குறார்’ என்று வீட்டில் சொல்வார்கள். அது தூக்கம் இல்லை, நோய். எட்டு மணி நேரம் படுத்தும் பகலில் கண் சொக்குகிறது என்றால், உடற்பயிற்சிக் கூடத்தில் பணம் கட்டுவதற்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

உணவுக்கு வருவோம். இண்டியாப் குழுவினர் 18,000க்கும் மேற்பட்டோரின் உணவை ஆராய்ந்து 2025இல் வெளியிட்ட முடிவுப்படி, இந்தியர் உண்ணும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது, புரதத்திலிருந்து 12 சதவீதம்தான். அரிசியை விட்டுக் கோதுமை மாவுக்கோ சிறுதானிய மாவுக்கோ மாறினால் மட்டும் ஆபத்து குறைவதில்லை, மொத்த மாவுச்சத்தே குறைந்து அந்த இடத்தில் பருப்போ பாலோ வந்தால்தான் குறைகிறது என்கிறது அதே ஆய்வு. கம்பு தோசையும் கேழ்வரகு சேமியாவும் வாங்கி, அளவைக் குறைக்காமல் உண்டு, எடை ஏன் குறையவில்லை என்று திகைப்பவர்கள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சிறுதானியத்தின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அதை மருந்தாக விற்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

இட்லிக்கு நாலுக்கு ஒன்று என்று உளுந்து போடுகிறோம், சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கிறது, மதியம் சோறு மலையாகவும் பொரியல் ஓரமாகவும் இருக்கிறது. இரண்டு இட்லியைக் குறைத்து ஒரு கிண்ணம் சுண்டலோ இரண்டு முட்டையோ வைத்துக்கொள்வது பெரிய புரட்சி இல்லை. ஆனால் ஏழை வீட்டில் அதுவும் பணக் கேள்விதான். 2011 ஜூன் முதல் தமிழக ரேஷனில் அரிசி இலவசம், பல குடும்பங்களுக்கு மாதம் 20 கிலோ. துவரம் பருப்போ அட்டைக்கு ஒரு கிலோ, 30 ரூபாய்க்கு. இலவச அரிசி இந்த மாநிலத்தில் பசியை வென்ற திட்டம், அதில் ஒரு பிடி குறைப்பதற்கும் நான் சம்மதிக்க மாட்டேன். பருப்பை இரண்டு கிலோவாக்குங்கள் என்று கேட்கிறேன். தொற்றாநோய்களுக்கு மருந்து கொடுத்துக் கொடுத்து அரசு செலவிடும் பணத்தில் ஒரு பங்கு முன்கூட்டியே தட்டுக்கு வரட்டும்.

பயிற்சியைப் பொறுத்தவரை நம் பொதுப் பேச்சு நடையோடு நின்றுவிடுகிறது. 2023 நவம்பரில் தமிழக அரசு எல்லா மாவட்டங்களிலும் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டம் எட்டு கிலோமீட்டர் பாதைகளை அமைத்தது. நல்ல காரியம். ஆனால் வாரத்துக்கு 150 நிமிட நடையோடு இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சேர்த்தே சொல்கிறது. சென்னையில் எடை குறையாமலே நோய் தள்ளிப்போனதற்குக் காரணம் இன்சுலினுக்கு உடம்பு இணங்கியதுதான் என்று கொண்டால், தசையைப் பெருக்குவது நமக்கு மற்றவர்களைவிட அவசரம். தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் நம் ஊர்களில் இருந்த பயிற்சிகள்தாம். ஐம்பது வயதுக்காரர் சுவரில் கை ஊன்றித் தண்டால் எடுக்கலாம், நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் பத்து முறை எழலாம். இரவு உணவுக்குப் பின் பதினைந்து நிமிடம் நடப்பது சர்க்கரை ஏறும் வேகத்தைத் தணிக்கும். அதற்கு விடியற்காலையில் எழ வேண்டியதில்லை.

2025இல் எடை குறைப்பு ஊசிகளான மௌஞ்சாரோவும் வீகோவியும் இந்தியச் சந்தைக்கு வந்த பிறகு, ஊசி போட்டால் போதுமே என்ற பேச்சு தொடங்கியிருக்கிறது. பருமனால் உண்மையில் அவதிப்படுபவர்களுக்கு இவை வரப்பிரசாதம். வீகோவியில் உள்ள செமாக்ளூடைட் மருந்தின் ஆய்வில் 68 வாரங்களில் சுமார் 15 சதவீத எடை குறைந்தது. ஊசியை நிறுத்திய ஓராண்டில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. குறையும் எடையில் தசையும் உண்டு என்பதால், தசை குறைந்த நம் உடம்புக்குப் பயிற்சியும் புரதமும் இல்லாமல் இதை எழுதிக்கொடுப்பது சரியில்லை.

தேசியக் குடும்பநல ஆய்வு 2019–21இன்படி தமிழகப் பெண்களில் 40.4 சதவீதத்தினர் அதிக எடை உள்ளவர்கள். முந்தைய ஆய்வில் அது 30.9. இவர்களிடம்தான் ‘காலையில் எழுந்து நடங்கள்’ என்ற அறிவுரை அதிகம் சொல்லப்படுகிறது. எந்தக் காலையில்? 2024ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டு ஆய்வில், வீட்டு வேலை செய்யும் பெண் அதற்குச் செலவிடுவது நாளுக்கு 289 நிமிடம், ஆண் 88 நிமிடம். கடைசியில் படுத்து முதலில் எழுந்து, டிபனும் மதிய டப்பாவும் கட்டி, எட்டு மணிக்குப் பேருந்து பிடிக்கும் பெண் நடைக்கு நேரம் எடுக்க வேண்டுமானால் அது தூக்கத்திலிருந்துதான் வரும். அந்தப் பேரத்தில் அவருக்கு நட்டமே மிஞ்சும் என்பதைத்தான் சிகாகோவின் எண்கள் சொல்கின்றன. இரவு ஷிப்டில் கண் விழிக்கும் இளைஞர்களின் நிலையும் இதுதான். அங்கே பேச வேண்டியவர்கள் நிறுவனங்கள். வாரத்துக்கு வாரம் ஷிப்டை மாற்றுவதை நிறுத்துவதே பல நலவாழ்வு முகாம்களைவிட உதவும்.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வருபவர்கள் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். தேசியத் தொற்றாநோய்ப் பரிசோதனைப் படிவத்தில் இடுப்பளவுக்கான கட்டமும் இருக்கிறது. அந்த அளவை எடுத்து வீட்டாரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதோடு இன்னொரு கேள்வியையும் அந்தப் படிவத்தில் சேர்க்கலாம்: எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், எத்தனை மணிக்கு எழுகிறீர்கள்? மனைவியிடம் அதைக் கேட்கும்போது கணவரும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.