ரூம் கிச்சன்: ஆயக்குடியில் ஒரு ஜப்பான் கிண்ணம்!

போன வாரத் தக்காளித் தொக்கை செஞ்சு பார்த்துட்டு சுவரெல்லாம் சிவப்பாக்கினவங்க, துடைச்சு முடிச்சாச்சா? ஹவுஸ் ஓனர் அக்கா இன்னும் பேசுறாங்களா? ஓகே, இந்த வார மேட்டருக்கு வருவோம்.

ஆயக்குடின்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பழனி ரோட்டோரம் கூடை கூடையா கொய்யா. டி.என்.பி.எஸ்.சி-க்குப் படிக்கிற பார்ட்டிகளுக்கு அந்த ஊர் இலவசப் பயிற்சி மையம். அங்கே ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற நம்ம கோஷ்டி ஒண்ணு கேட்ட கேள்விதான் இந்த வாரம். "தினமும் செல்போன்ல ஒரு வீடியோ வருது. கிண்ணம் நிறைய வெள்ளைச் சாதம், மேல பளபளன்னு ஜப்பான் ஸ்டைல் ஸ்டேக், உச்சியில ஒரு முட்டை. எங்ககிட்ட இருக்கிறது ஒரு கேஸ் அடுப்பு, ஒரு குக்கர், ஒரு இரும்பு வாணலி. முடியுமா?"

முடியும். ஆனா வீடியோவுல காட்டுற மாதிரியே செஞ்சா, ரப்பர் செருப்பை சோயா சாஸ்ல ஊறப்போட்ட டேஸ்ட்தான் கிடைக்கும். அது ஏன்னு புரிஞ்சுட்டா பாதி சமையல் முடிஞ்ச மாதிரி.

நம்ம கறி வேற, அவங்க கறி வேற

ஜப்பான்ல ஆழமான பெரிய கிண்ணத்துக்குப் பேரு டொன்புரி. அதுல சாதத்தைப் போட்டு, மேல குழம்போட எதைக் கவிழ்த்தாலும் அந்தச் சாப்பாட்டுக்கும் அதே பேருதான். மாட்டுக்கறி போட்டா கியூடோன். கோழியும் முட்டையும் போட்டா ஓயகோடோன். 'ஓயகோ'ன்னா பெத்தவங்களும் புள்ளையும்! (கோழியும் முட்டையும் ஒரே கிண்ணத்துல... யோசிச்சா கொஞ்சம் பாவமாத்தான் இருக்கு.)

வீடியோவுல வர்ற ஸ்டேக், சாப்பாட்டுக்காகவே தீனி போட்டு வளர்த்த இளம் மாட்டோடது. கறிக்குள்ளேயே கொழுப்பு கோலம் போட்ட மாதிரி ஓடும். தடியா வெட்டி, கல்லுல ரெண்டு பக்கமும் காட்டினா போதும், வெண்ணெயாட்டம் கரையும்.

நம்ம ஊர்ல? 1958-ம் வருஷத்துத் தமிழ்நாடு கால்நடைப் பாதுகாப்புச் சட்டம் என்ன சொல்லுதுன்னா, மாட்டுக்கு 10 வயசு தாண்டியிருக்கணும், உழைக்கவோ கன்னு போடவோ லாயக்கில்லைன்னு சான்றிதழ் வாங்கணும், அப்புறம்தான் வெட்டலாம். தீராத நோய், ஊனம்னா அதுக்கும் சான்றிதழோட அனுமதி உண்டு. 1976-ல பசுவை வெட்டவே கூடாதுன்னு தனி அரசாணையும் வந்துச்சு. அதாவது கறிக்கடைக்கு வர்றது, காலமெல்லாம் ஏர் இழுத்து, வண்டி இழுத்து ரிட்டயர் ஆன ஜீவன். பழனி, தாராபுரம் பக்கம் காங்கேயம் காளையைப் பார்த்திருப்பீங்க. அந்தக் கழுத்தையும் தொடையையும் பாருங்க... அத்தனையும் உழைச்ச தசை! உழைக்க உழைக்கத் தசையில நார் தடிக்கும், அதைச் சேர்த்துக் கட்டியிருக்கிற சவ்வு இறுகும். அதை இன்ச் கனத்துல வெட்டிப் பொரிச்சா பல்லுதான் போகும்.

கவலை வேண்டாம். இதே பிரச்னை ஜப்பான் மாணவர்களுக்கும் இருந்துச்சு.

பத்தாயிரம் யென் மாணவர்

கி.பி. 675-ல தென்மு சக்கரவர்த்தி, மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி இதெல்லாம் சாப்பிடக் கூடாதுன்னு ஆணை போட்டார். வருஷத்துல சில மாசத்துக்குத்தான் அந்தத் தடை. ஆனா பௌத்தம், தீட்டுன்னு பல காரணம் சேர்ந்து, பல நூற்றாண்டுக்கு மாட்டுக்கறின்னாலே அந்த நாட்டுல முகம் சுளிச்சாங்க.

1850-கள்ல ஒசாகா நகரத்துல ஒகாடா கோவான்னு ஒரு டாக்டர், டச்சு மொழியும் மருத்துவமும் சொல்லித்தர்ற பள்ளி நடத்தினார். அங்கே படிச்ச ஃபுகுசாவா யுகிச்சி, பிற்பாடு தன் சுயசரிதையில எழுதியிருக்கார். ஊருக்குள்ள மாட்டுக்கறி கிடைக்கிற கடை ரெண்டே ரெண்டுதானாம். அங்கே போறதும் ரெண்டே கோஷ்டிதானாம். ஒண்ணு, உடம்பெல்லாம் பச்சை குத்தின ரவுடிங்க. இன்னொண்ணு, அந்தப் பள்ளியோட மாணவர்கள்! கறி ஒரே நாருமா, வாடையுமா இருக்குமாம். ஆனா விலை கம்மி, வயிறு நிறையும். ஹாஸ்டல்காரனுக்கு வேற என்ன வேணும்?

அந்த மாணவர்தான் பிற்காலத்துல டோக்கியோவோட கெய்யோ பல்கலைக்கழகத்தை உருவாக்கினார். 1984-லேர்ந்து 2024 வரைக்கும் புதுசா அடிச்ச 10,000 யென் நோட்டுல இருந்தது அவர் முகம்தான்.

1872 ஜனவரியில மெய்ஜி சக்கரவர்த்தியே மாட்டுக்கறி சாப்பிட்டார்னு சேதி வெளியாச்சு. நாடே ரெண்டுபட்டுது. எதிர்ப்பு சொல்ல அரண்மனைக்குள்ள நுழையப் பார்த்த துறவிகள்ல சிலர் உயிரையே விட்டாங்க. ஆனா நகரங்கள்ல கறிச்சட்டிக் கடை பெருகிடுச்சு. நாரான கறியை என்ன பண்றது? மெல்லிசா சீவு, வெங்காயம் போடு, இனிப்பும் உப்புமா ஒரு சாறுல கொதிக்க விடு. அதைச் சாதத்து மேல ஊத்தினா கியூடோன்! 1899-ல டோக்கியோ மீன் சந்தையில, மூட்டை தூக்குறவங்களுக்கும் மீன் வியாபாரிகளுக்கும் அவசரச் சாப்பாடு போடத் தொடங்கின யோஷினோயா, இன்னிக்கு பல நாட்டுல கிளை வச்சிருக்கு.

ஆக, நாம பண்ணப் போறது வீடியோவுல வர்ற பணக்கார ஸ்டேக் இல்லை பாஸ். அதோட தாத்தா. நம்ம கறிக்கு அவர்தான் சரி.

தேவையானவை (2 பேருக்கு)

எலும்பில்லாத தொடைக்கறி - கால் கிலோ, ஒரே துண்டா
பச்சரிசி - 1 டம்ளர்
பெரிய வெங்காயம் - 2 (சின்ன வெங்காயம்னா 20, உரிக்க பொறுமை இருந்தா)
சோயா சாஸ் - 2 டேபிள்ஸ்பூன்
நாட்டுச் சர்க்கரை - 1 டேபிள்ஸ்பூன்
இஞ்சி - ஒரு விரல் அளவு, பூண்டு - 4 பல்
பப்பாளிக்காய் அரைச்சது - 1 டீஸ்பூன்
வினிகர் - கொஞ்சம்
முட்டை - 2
ஆயக்குடி கொய்யா, செங்காயா - 1

கறிக்கடையில "அண்ணே, துண்டு போடாம முழுசாக் குடுங்க"ன்னு முதல்லயே சொல்லிடுங்க. இல்லாட்டி பேசி முடிக்கிறதுக்குள்ள குழம்புக்கு வெட்டிடுவாங்க.

அரிசி: உதிரி வேண்டாம்!

திண்டுக்கல்காரங்க சீரகச் சம்பாவுக்கு உயிரையே குடுப்போம். பிரியாணிக்கு அதுதான் ராஜா, ஒத்துக்கறேன். ஆனா இங்கே சாதம் லேசா ஒட்டணும், அப்பதான் சாறைப் பிடிச்சுக்கும். அரிசி மாவுல அமைலோஸ்னு ஒரு சமாசாரம் இருக்கு. அது கூடினா சாதம் உதிரியா வரும், குறைஞ்சா ஒட்டும். ஜப்பான் அரிசியில அது கம்மி. ரூம்ல இருக்கிற புழுங்கலரிசி இதுக்குச் சரிப்படாது. பொன்னி பச்சரிசி ஓரளவு கிட்ட வரும்.

ரெண்டு தடவை கழுவி, 20 நிமிஷம் ஊற வச்சு, 1 டம்ளருக்கு 2 டம்ளர் தண்ணி, குக்கர்ல 3 விசில். கஞ்சியை வடிக்கக் கூடாது, ஒட்டுறதுக்கு அதுதான் காரணம். உப்பும் வேண்டாம். சாஸ்ல இருக்கிற உப்பே ஊரைக் கூட்டும்.

கொய்யா ஊறுகாய்

ஜப்பான்ல கியூடோன் ஓரத்துல சிவப்பா இஞ்சி ஊறுகாய் வைப்பாங்க. கறியோட கனத்தை அந்தப் புளிப்பு வெட்டும். நமக்கு எதுக்கு அது? பஸ் ஜன்னல்ல உப்பு, மிளகாய்த்தூள் தூவித் தர்ற கொய்யா இருக்கே! செங்காயா ஒண்ணு எடுத்து, விதையை நீக்கிட்டு மெல்லிசா சீவுங்க. இஞ்சி நாலு சீவல், ஒரு சிட்டிகை உப்பு, அரை ஸ்பூன் சர்க்கரை, 2 ஸ்பூன் வினிகர் போட்டுப் பிசறி மூடி வச்சிடுங்க. அரை மணி நேரத்துல ரெடி.

இப்போ கறி

கறியை நல்ல துணியால ஈரம் போகத் துடைங்க. இது முக்கியம். ஈரம் இருந்தா கறி வேகும், சிவக்காது. சிவந்தாத்தான் அந்த வாசனை. 1912-ல லூயி கமீல் மெய்லார்டுன்னு ஒரு பிரெஞ்சு கெமிஸ்ட் எழுதி வச்ச வினை இது. புரதமும் சர்க்கரையும் சூட்டுல சேர்ந்து பழுப்பாகுறது. நம்ம முறுகல் தோசையும் அதே கேஸ்தான்.

வாணலியைப் புகை வர்ற அளவு காய வச்சு, கொஞ்சம் எண்ணெய் விட்டு, முழுத் துண்டையும் போடுங்க. எல்லாப் பக்கமும் சேர்த்து 3, 4 நிமிஷம் பிரட்டி எடுத்து, தட்டுல 5 நிமிஷம் விடுங்க. வெளிப்பக்கம் இறுகிடும். ஃப்ரிட்ஜ் இல்லாத ரூம்ல மெல்லிசா வெட்ட இதுதான் குறுக்கு வழி.

வெட்டுறதுலதான் மொத்த விஷயமும் இருக்கு. நார் எந்தப் பக்கம் ஓடுதுன்னு உத்துப் பாருங்க. கரும்பை நீளவாக்குல கிழிச்சுக் குடுத்தா மணிக்கணக்கா மெல்லணும். குறுக்கே சின்ன வில்லையா வெட்டினா? சுலபம்! கறியும் அப்படியே. நாருக்குக் குறுக்கே, ஒரு ரூபாய்க் காசு கனத்துக்கு சீவுங்க. அந்த மாடு பத்து வருஷமா முறுக்கேத்தின நாரை உங்க கத்தியே துண்டாக்கிடும், பல்லுக்கு வேலை மிச்சம்.

சீவினதுல பப்பாளி விழுதைப் பிசறி 15 நிமிஷம். அதுல இருக்கிற பப்பெயின் புரதத்தை உடைக்கும். நல்லாத்தானே இருக்குன்னு ஒரு மணி நேரம் விட்டா கறி கூழாயிடும், ஜாக்கிரதை.

அதே வாணலியில வெங்காயத்தை நீளமா அரிஞ்சு வதக்குங்க. இஞ்சி, பூண்டு தட்டிப் போட்டு, சோயா சாஸ், சர்க்கரை, கால் டம்ளர் தண்ணி, ரெண்டு சொட்டு வினிகர். காயல்பட்டினமோ தூத்துக்குடியோ ஃப்ரெண்டு இருந்தா மாசிக் கருவாடு ஒரு துண்டு கேட்டு வாங்கிப் பொடிச்சுப் போடுங்க. ஜப்பான்காரங்க சாறுக்குப் போடுற கட்சுவோபுஷியும் மாசியும் ஒரே ஜாதி சூரை மீன்ல செய்யறதுதான்!

சாறு கொதிச்சதும் கறியைப் போட்டு 3, 4 நிமிஷம். சிவப்பு முழுசாப் போனதும் இறக்கிடுங்க. உள்ளே இளஞ்சிவப்பா விடுற ஸ்டைல் நமக்கு வேண்டாம், சந்தைக் கறி பாஸ். முட்டையும் அப்படித்தான். அங்கே பச்சையா உடைச்சு ஊத்துவாங்க, நீங்க நல்லாப் பொரிச்சே வைங்க.

கிண்ணத்துல முக்கால் பங்கு சாதம், மேல கறி, சாறு மொத்தமும், முட்டை, ஓரத்துல கொய்யா. அவ்ளோதான்!

ரூம்ல நாலு பேர்

ரெசிப்பி முடிஞ்சுது. ஆனா இந்தக் கறியைப் பத்திப் பேசுறப்போ ஒரு விஷயத்தை முழுங்கிட்டுப் போக முடியாது.

2017 மே மாசம், கறிக்காக மாட்டைச் சந்தையில விக்கிறதுக்கு மத்திய அரசு தடை போட்டுச்சு. ஐ.ஐ.டி. மெட்ராஸ் மாணவர்கள் கேம்பஸ்ல மாட்டுக்கறி சாப்பிட்டு எதிர்ப்புக் காட்டினாங்க. அதுல கலந்துகிட்ட ஒரு ஆராய்ச்சி மாணவர் கேம்பஸுக்குள்ளேயே தாக்கப்பட்டு, கண்ணுல அடிபட்டுச்சு. அந்த விதிகளுக்கு மதுரை உயர் நீதிமன்றக் கிளை மே 30-ம் தேதி இடைக்காலத் தடை போட்டுச்சு. ஜூலையில உச்ச நீதிமன்றம் அதை நாடு முழுக்க நீட்டிச்சது. 2022-ல ஆம்பூர்ல மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழா அறிவிச்சப்போ பீஃப் பிரியாணிக்கு மட்டும் இடமில்லை. ஏன் பாகுபாடுன்னு எஸ்.சி., எஸ்.டி. ஆணையம் நோட்டீஸ் விட்டுது. விழாவே தள்ளிப்போச்சு.

இதே கறி, 'ஜப்பானீஸ் ஸ்டேக் பௌல்'னு இங்கிலீஷ்ல மெனு கார்டுல வந்தா போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறோம். அதையே பக்கத்து பெஞ்ச் பையன் டிபன் பாக்ஸ்ல கொண்டு வந்தா? அவன் மூடியைப் பாதி திறந்து, சுவர் பக்கம் திரும்பிச் சாப்பிடுறானே, பார்த்திருக்கீங்களா? அவன் அம்மாவும் நாருக்குக் குறுக்கேதான் வெட்டுறாங்க. பேருதான் வேற. அவனைச் சுவர் பக்கம் திரும்ப வச்சதுல நம்ம பங்கு எவ்வளவுன்னு ஒரு நிமிஷம் யோசிங்க.

அதே ரூம்ல சாப்பிடாதவனும் இருப்பான். அவனைக் கிண்டல் பண்ணி ஒரு வாய் ஊட்டுறதெல்லாம் வீரம் இல்லை. அடுப்பைப் பத்த வைக்கிறதுக்கு முன்னாடி அவன்கிட்ட சொல்லுங்க. அவனுக்குத் தனி வாணலி, தனிக் கரண்டி. அதே சாறுல (மாசி போடாம!) காளானோ, நீளமா வெட்டின கத்திரிக்காயோ வதக்கிப் போட்டா அதுவும் டொன்புரிதான். ஜப்பான்ல அதுக்கும் தனித்தனிப் பேரு உண்டு. வீட்டுல செய்யறதா இருந்தா அம்மாவோட தோசைக்கல் பக்கமே போகாதீங்க. அந்தப் பஞ்சாயத்துக்கு நான் வர மாட்டேன், சொல்லிட்டேன்!

கடைசியா ஒண்ணு. சாதம் மீந்தா ராத்திரி முழுக்க குக்கர்லயே விடாதீங்க. தண்ணி ஊத்தி வச்சு, காலையில பழையதாக்கிடுங்க. தொட்டுக்க அந்தக் கொய்யா ஊறுகாய் இருக்கவே இருக்கு.

அடுத்த வாரம்: மாசக் கடைசி ஸ்பெஷல்... 20 ரூபாய்க்குள்ள மூணு ரசம்!